பித்தளைக் குடத்துக்கு உரித்தாளர் யார்?

அண்மைக்காலமாக நம்மவர் எழுதும் சிறுகதைகளிலும் கவிதைகளிலும் பழம்பொருட்களின் நடமாட்டம் அதிகரித்து வருகிறது. மூத்தம்மாவின் வெற்றிலை வட்டா, வாப்பாவின் தஸ்பீஹ் மணி, ஆறு பேர் சுற்றியிருந்து உண்ட சஹன், மூலையில் கிடக்கும் படிக்கம் என்று ஒவ்வொன்றாக வந்து போகின்றன. பொருள் வரும், அதன் பின்னால் ஒரு பெருமூச்சு வரும், அந்தக் காலம் போய்விட்டதே என்ற ஏக்கத்தோடு படைப்பு முடிந்துவிடும். வாசகனுக்கும் தன் வீட்டு ஞாபகம் வருவதால் அவனும் நல்ல கதை என்கிறான். ஆனால் அந்த ஞாபகம் வாசகன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. படைப்பாளி அவனுக்குக் கொடுத்தது என்ன என்பதே என் கேள்வி.

ஒரு பழம்பொருளைக் கதைக்குள் கொண்டுவருபவர் மூன்று விடயங்களுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை யார் பயன்படுத்தினார்? அதை யார் கழுவித் துடைத்தார்? அது இந்த வீட்டுக்கு எப்படி வந்தது? முதற் கேள்விக்கு நம் படைப்புகளில் விடை உண்டு. இரண்டாவதற்கு அரிதாகவே உண்டு. மூன்றாவதை யாரும் கேட்பதேயில்லை.

இக்கேள்விகளைத் தவிர்க்காத முன்னோடிகள் நமக்கு இல்லாமலில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். சவ்தா மன்ஸில் என்ற பழைய வீட்டில், வேலைவெட்டி இல்லாத முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்துகொண்டு குடும்பப் பெருமை பேசுகிறார். வீட்டுச் சாமான்களோ ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. அந்த நாற்காலியை மீரான் வணங்கவில்லை, விசாரிக்கிறார். அதில் சாய்ந்திருந்தவரின் சுகத்துக்காக அந்த வீட்டுப் பெண்கள் என்ன பட்டார்கள் என்பதை மறைக்காமல் எழுதுகிறார். 2019இல் அவர் மறைந்த பின்பும் அந்நாவல் நம்மை உறுத்துவதற்கு இதுவே காரணம். வைக்கம் முஹம்மது பஷீர் 1951இலேயே இதைச் செய்து காட்டினார். உப்பாப்பாவிடம் ஒரு யானை இருந்தது என்ற பெருமையிலும், காலில் போட்டு நடக்கும் மரமெதியடியிலும் ஒரு தாயின் பரம்பரைக் கர்வம் முழுவதையும் ஏற்றிவைத்தார். முடிவில் அந்த யானை வெறும் குழியானைதான் என்று தெருப்பிள்ளைகள் கேலி செய்யும்போது அந்தக் கர்வம் சரிந்து போகிறது. இருவருமே சொந்த சமூகத்தின் வீட்டுக்குள் நின்று, அந்த வீட்டின் பொருளையே சாட்சிக்கு அழைத்தவர்கள்.

இனி நமது ஊவாவுக்கு வருவோம். பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று கடைவீதிகளில் வாழும் நமக்கு, மேலே தெரியும் லயங்கள்தான் அயல்வீடு. அந்த அயல்வீட்டில் பழம்பொருளின் கதை வேறுவிதமானது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் குடியிருப்பு. பரம்பரை பரம்பரையாக ஒரே காம்பராவில் வாழ்ந்தும் அது பரம்பரை வீடு ஆவதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தன் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தது அலங்காரத்துக்காக அல்ல. பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022) இதை நுணுக்கமாக அறிந்தவர். பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே காம்பராவுக்குள் படுக்க நேர்வதன் அவலத்தைச் சொல்வது அவருடைய 'மீன்கள்'. அந்தக் கதையில் பழைய இடத்தின் மீது ஏக்கம் இல்லை. அந்த இடத்தின் நெருக்கடிதான் கதை. காம்பராவை அழகாக்கிக் காட்டாததே அங்கு வாழ்பவர்களுக்கு அவர் செய்த மரியாதை எனலாம்.

அந்த இடமும் நிலையானதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களோடு அவற்றின் ஞாபகப் பொருட்களும் மண்ணுக்குள் போயின. 'பழைய வீடு' என்று கதை எழுத அமரும் நாம், போய்ப் பார்ப்பதற்குக்கூட இடம் மிஞ்சாதவர்கள் நம் மாவட்டத்திலேயே இருப்பதை மறந்துவிடக் கூடாது.

வகுப்பில் மாணவரிடம், உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருளைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்வது என் வழக்கம். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, அம்மிக்கல் எல்லாம் வரும். ஒருமுறை தோட்டத்துப் பிள்ளை ஒன்று, தாத்தாவின் இந்தியக் கடவுச்சீட்டைப் பற்றி எழுதியிருந்தது. அந்தக் கடவுச்சீட்டில் அவர் ஒருநாளும் பயணம் செய்யவில்லை. அரைப்பக்கக் கட்டுரைதான். ஆனால் 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்தப் பக்கத்தில் இருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்குபோட்ட ஒப்பந்தம் அது. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது, கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாமல் தங்கிவிட்டவர்கள் பலர். 2003ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வரை அவர்கள் எந்த நாட்டவர் என்ற கேள்வி தீரவில்லை. தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்த அந்தச் சிறு புத்தகம் ஒரு நாவலுக்குப் போதும். நமது கதைகளில் வரும் படிக்கங்கள் அதன் அருகில் நிற்க முடியாது.

போனவர்களின் பொருட்கள் என்னாயின? அவர்கள் அதை 'ஊருக்குப் போறது' என்றார்கள். இங்கேயே பிறந்து, அந்த ஊரைக் கண்ணாலும் கண்டிராதவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கொண்டுபோக முடியாததை விற்றார்கள். வாங்கியவர்களில் நம்மவரும் உண்டு. எங்கள் வீட்டிலேயே ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. 1970களில் ஒரு தோட்டக் குடும்பத்திடம் எங்கள் மூத்தம்மா வாங்கியது. அதன் கழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் புள்ளிப் புள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது. அது எங்கள் குடும்பத்துப் பெயர் அல்ல. யாரோ ஒரு தகப்பன் மகளின் கலியாணத்துக்குப் பெயர் வெட்டிக் கொடுத்த சீர்ப் பாத்திரமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அதன் பெயர் 'மூத்தம்மாட கொடம்'. இரண்டு பெயர்களும் உண்மைதான். மூத்தம்மா அதில் தண்ணீர் சுமந்ததும் உண்மை, அதை இன்னொருத்தி தன் வீட்டில் விட்டுப் போனதும் உண்மை. ஒரு பெயரை மாத்திரம் வாசிக்கும் கதை அரைக்கதை என்பதே நான் சொல்ல வந்தது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். முஸ்லிம் எழுத்தாளன் முஸ்லிம் வாழ்வை எழுதினால் போதாதா, மலையகத்தை மலையகத்தார் எழுதுவார்களே என்று சிலர் கேட்பார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. தெரியாத வாழ்வை எழுதப்போய் வேடிக்கை காட்டியவர்களும் உண்டு. ஆனால் நான் லயத்துக்குப் போய் எழுதச் சொல்லவில்லை. லயத்துப் பொருள் நம் அடுக்களைக்குள்ளேயே இருக்கிறது. அதன் கதையை விட்டுவிட்டால் நம் வீட்டுக் கதையே முழுமையடையாது. கடைக் கொப்பியில் எழுதிய கடன், அதை அடைத்த நாள், அடைக்காமலே போன குடும்பம், கொடுத்த விலை நியாயந்தானா என்ற சந்தேகம், இவையெல்லாம் முஸ்லிம் வாழ்வுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணிநேர அவகாசம். வீட்டையும் சாமான்களையும் விட்டு வெளியேறினார்கள். அந்த வீடுகளில் பின்னர் புழங்கியவர்கள், இது யாருடைய அலுமாரி என்று ஒருமுறையாவது நினைத்துப் பார்த்தார்களா என்று நாம் கேட்கிறோம். கேட்பது நமது உரிமை. அதே கேள்வியை நம் வீட்டுக் குடத்திடம் கேட்காமல் அந்த உரிமையை எப்படி நிலைநிறுத்துவது? விற்று வாங்கியதும் பறித்ததும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் விட்டுப் போனவரின் துயரம் இரண்டிலும் ஒன்றுதான்.

பழம்பொருளை எழுத விரும்பும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு யோசனை மட்டுமே உண்டு. எழுத உட்காருமுன் அந்தப் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஈயம் வைத்து அடைத்திருக்கிறது, யாருடைய பெயர் வெட்டியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், இது எப்படி வந்தது என்று இப்போதே கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலில் நமக்குப் பிடிக்காதது ஏதும் இருந்தால், கதையை அங்கிருந்தே தொடங்கலாம்.