தசாவதாரமும் பரிணாமவாதமும்

மத்ஸ்யம் நீர்வாழ் உயிர், கூர்மம் இருநிலை உயிர், வராஹம் நிலவிலங்கு, நரஸிம்ஹம் பாதி மனிதன், வாமனன் குறள் மனிதன் என்று அடுக்கி, டார்வின் 1859இல் சொன்னதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என மகிழ்வது உபந்யாஸ மேடைகளிலும் புகுந்துவிட்டது. இது பூர்வாசார்யர்கள் காட்டிய பொருளன்று. பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1877இல் வெளியிட்ட நூலிலும், பிரம்ம ஸமாஜத்துக் கேசவ சந்திர சேனரின் 1882ஆம் ஆண்டுச் சொற்பொழிவிலும் காணப்படுவது.

இரவல் என்பதற்காகவே தள்ளவேண்டுவதில்லை, வரிசையே நிற்கவில்லை. ஸ்ரீபாகவதம் முதல் ஸ்கந்தம் மூன்றாம் அத்யாயத்தில் அவதாரங்களை எண்ணுமிடத்துக் குமாரர்கள் முதலில், வராஹம் இரண்டாவது, மத்ஸ்யம் பத்தாவது, கூர்மம் பதினொன்றாவது. பரசுராமனும் சக்ரவர்த்தித் திருமகனும் நேர்நின்று வில் வாங்கியவர்கள்; பலராமனும் கண்ணனும் உடன்பிறந்தார். இவர்களுள் எவரினின்று எவர் பரிணமித்தது?

இதனினும் பெரிது ஸித்தாந்த விரோதம். அவதாரம் கர்மத்தாலன்று, ஸ்வேச்சையால், திருமேனி அப்ராக்ருதம், ஈச்வரத் தன்மைகளில் ஒன்றையும் விடாமலே அவதரிக்கிறான் என்பது கீதை நான்காம் அத்யாயத்தில் எம்பெருமானார் செய்த நிர்ணயம். மீனானபோது வளர்ச்சி குன்றியிருந்தான் என்பதற்கு அங்கே இடமேது? திருவிருத்தத்தின் முடிவருகே நம்மாழ்வார் தாம் கண்ட நன்மை இதுவொன்றே என அறுதியிட்டது வராஹனான ஞானப்பிரானை. ஏணிக்காரர்களோ அவனை மூன்றாம் படியில் நிறுத்துகின்றனர்.

டார்வினுக்கும் இது நியாயம் செய்வதன்று. சிறு வேறுபாடுகளுள் சூழலுக்கு உதவுபவை தலைமுறைதோறும் நிலைபெறும் என்பதே அவர் கொள்கை. அவர் காட்டிய உவமை கிளைவிடும் மரம். மனிதனை நோக்கி ஏறும் படிக்கட்டன்று. உடல்களின் வரலாறு அசித்தைப் பற்றியது. அதை ஆராய்வோரோடு வைஷ்ணவனுக்குப் பூசல் இல்லை. (மஹத் முதலாகத் தத்வங்கள் பரிணமிப்பது வேறு விஷயம், சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.) ஆத்மாவோ விகாரமற்றது.

அஞ்சத்தக்கது அந்த ஏணிதான். ஹெர்பர்ட் ஸ்பென்ஸர் 1864இல் 'தக்கது எஞ்சும்' என்னும் கருத்தை ஒரு தொடராக்கினார். வலியார் மெலியாரை மிதிப்பதற்கு அது பின்னர்ச் சாக்காயிற்று. பகவானின் திருமேனிகளிலேயே மேல் கீழ் கற்பிப்பவன் ஜீவர்களிடத்தில் அதைக் கற்பிக்கத் தயங்குவானோ? கீதை ஐந்தாம் அத்யாயத்தில் அந்தணன், பசு, யானை, நாய், நாயுண்பவன் எல்லாரிடத்தும் ஸமதர்சனம் சொல்லுமிடத்து, வைஷம்யம் ப்ரக்ருதியினுடையது, ஞானவடிவான ஆத்மா எங்கும் ஒருபடிப்பட்டது என்று பாஷ்யம் விளக்குகிறது.

இது ஏட்டளவில் நின்றதன்று. நான்காம் வர்ணத்தவரான மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பி சரமகைங்கர்யம் செய்தபோது ஊரார் வெகுண்டனர். உடையவரும் காரணம் வினவினார். பெரிய நம்பி விடையாகக் காட்டியது ஜடாயுவுக்குப் பெருமாள் செய்த ஸம்ஸ்காரத்தை. ஒரு பறவைக்கு, மகன் தந்தைக்குச் செய்வதைப் பெருமாள் செய்திருக்கையில், தாம் பெருமாளினும் உயர்ந்தவரோ, மாறனேரி நம்பி அப்பறவையினும் தாழ்ந்தவரோ என்பது அவர் கேள்வி.