பல் போனால்...

இங்கிலாந்தில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அங்கே பல்வலி வந்தால் தெரியும் சேதி. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி, அரசுத் திட்டத்தில் ஆட்களைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. நம்ம ரேஷன் கடை மாதிரி தெரு நீளத்துக்கு க்யூ. சமாளிக்க போலீஸே வரவேண்டியதாயிற்று!

1948-ல் திட்டம் ஆரம்பித்தபோது பல்செட்கூட இலவசம். 1951-ல் அதற்குக் காசு வாங்க முடிவு செய்தபோது, திட்டத்தின் தந்தையான அனூரின் பெவன் மந்திரி பதவியையே உதறினார்.

பல் டாக்டர்கள் இல்லாமல் இல்லை. கோளாறு கூலிக் கணக்கில். 2006 ஒப்பந்தப்படி ஒரு பல்லை அடைத்தாலும் ஆறு பல்லை அடைத்தாலும் டாக்டருக்கு ஒரே கூலி. வாய் நிறைய சொத்தையோடு வருகிற ஏழையைத் தொட்டால் நஷ்டம். எனவே பலர் 'புது நோயாளிகளுக்கு இடமில்லை' என்று சொல்லிவிட்டு, காசு கொடுக்கிறவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். 2022 கடைசியில்தான் மூன்று பல்லோ அதற்கு மேலோ அடைத்தால் கொஞ்சம் கூடுதல் என்று திருத்தினார்கள். அதற்குள் பதினாறு வருஷம் ஓடிப்போச்சு.

ஒன்றைக் கவனியுங்கள். இலவசத் திட்டத்தை ஒழிக்க யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. ரொம்பத் தேவைப்படுகிறவனைக் கவனித்தால் நஷ்டம் என்று கணக்கு எழுதினால் போதும்.