சிறுபறையும் தோட்டப் பள்ளியும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழவிப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் ஈற்றில் நிற்பவை சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றுமாம். மூன்றும் விளையாட்டே. அவற்றுள் சிறுபறைப் பருவம் இசைக் கல்வி பற்றி எண்ணுவோர் ஊன்றி நோக்கற்பாலது. குமரகுருபரரின் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழிலும், பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழிலும் பறை முழக்குவோன் குழந்தை. முழக்குமாறு வேண்டி நிற்போர் முதியோர். தாளம் இதுவென விதிப்பார் எவரும் ஆங்கில்லை. பாட்டுடைத் தலைவன் முருகன் என்பது உண்மையே. எனினும் இறைவனைக் குழந்தையாக்கிப் பாடிய புலவர், குழந்தையின் இயல்பை வீட்டு முற்றத்திலன்றி வேறெங்குக் கண்டனர்? குழந்தை முன்செல்ல ஆசிரியர் பின்செல்லும் இசைப் பயிற்சியை மேனாட்டுப் புதுமை என்று ஒதுக்குவோர்க்கு இம்மரபே விடையாகும்.

பள்ளியில் இசை புகும் வழியோ வேறு. புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் முறைப்படி, மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்கி, சண்ட வரிசையும் அலங்காரமும் கடந்து, கீதத்தை மாணவர் அடைகின்றனர். 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகள் இவ்வொழுங்கு ஈழத்தில் வேரூன்றத் துணைசெய்தன. சுரத்தானங்களைக் குரலில் நிலைநிறுத்த இதனினும் சிறந்த ஏணி அரிது. ஆயின் இது இசைவாணரை ஆக்க அமைந்த ஏணி. ஆறு வயதுப் பிள்ளை தன் மகிழ்ச்சியையோ அச்சத்தையோ ஒலியாக்கிப் பார்ப்பதற்கு இதன் முதற்படியில் இடமில்லை. அப்பிள்ளை பாடுவதெல்லாம் பிறர் பாடியதன் படியே. வழுவின்றிப் பாடுதல் கல்வியின் ஒரு பயன். தன்னுள்ளத்தை வெளியிடுதல் மற்றொரு பயன். முன்னதற்காகப் பின்னதை முற்றும் இழத்தல் வேண்டா.

இக்குறையை உணர்ந்தோர் பிற நாடுகளிலும் உளர். ஜேர்மனியில் 1924இல் மியூனிக் நகரப் பள்ளியொன்றில் பணி தொடங்கிய கார்ல் ஓர்ஃப், பிற்காலத்தில் 'குழந்தைகளுக்கான இசை' என்னும் நூலை 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். குழந்தை தோழனைப் பெயர்சொல்லி அழைக்கும் ஒலி, எண்ணிக்கைப் பாட்டு, கைத்தட்டு, காற்றட்டு என்பனவே அவர் கொண்ட தொடக்கம். ஐந்து சுரங்களை மட்டும் கருவியில் விட்டு ஏனையவற்றை அகற்றிவிடுவது அவர் கையாண்ட உத்தி. அவ்வைந்தனுள் எதனைத் தட்டினும் ஓசை முரணாது. ஆதலின் குழந்தை அஞ்சாது புனைகின்றது. அவ்வைந்து சுரங்களும் தமிழர்க்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரம் சுட்டும் முல்லைத் தீம்பாணி இன்றைய மோகனமே என்பர் இசையாய்வாளர். மோகனத்தின் சுரங்களே ஓர்ஃப் கொண்ட சுரங்கள். ஆய்ச்சியர் ஆடிப்பாடிய குரவையோடு ஒட்டிய பண் குழந்தையின் ஆட்டத்துக்கும் பொருந்துவதில் வியப்பில்லை. ஆயினும் ஓர்ஃப் முறையைப் பின்பற்றுவோர் சிலர் விலையுயர்ந்த கருவிகளை வாங்கிவைத்து, ஆசிரியர் விதித்த தாளத்தையே பிள்ளைகளைத் தட்டச் செய்கின்றனர். கருவி வந்தது, கருத்து வரவில்லை.

கருவிக்காகச் சேய்மை நாடுகளை நோக்கவேண்டாத இடம் ஒன்று ஈழத்திலேயே உண்டு. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய பகுதிகளில் சிங்களக் கிராமங்களுக்கிடையே இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. குளிர்ந்த வைகறையிலேயே இறப்பர்ப் பால் நன்கு வடியுமாதலின், பால்வெட்டும் தாயர் இருள் புலருமுன் லயத்தை விட்டு நீங்குவர். கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில் கண்விழிக்கும். அதன் செவியில் விழும் இசையோ வறியதன்று. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் கங்காணியை எள்ளும் பாட்டும் மலையக மக்களிடையே வழங்கியதற்கு, ஸி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' சான்று. இவற்றோடு காமன் கூத்தின் தப்பொலியும் சேரும். மாசியில் தொடங்கும் அக்கூத்தின் அடியை முன்னரே அறிந்து, பழந்தகரத்தில் தட்டிப் பழகாத தோட்டச் சிறுவர் சிலரே.

அத்தகரமே அவர்களின் சிறுபறை. ஆனால் அது பாடசாலை வாயிலோடு நின்றுவிடுகின்றது. காரணம் இசையிலக்கணம் சார்ந்ததன்று. தப்பு சாவீட்டுக்கு உரியது, தாழ்ந்தோர் கையது என்னும் எண்ணமே அதனை வெளியே நிறுத்தியது. தோட்டத் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் ஒரு காலத்தில் அதே தப்புத்தான். ஏவலுக்கும் இழவுக்கும் திருவிழாவுக்கும் பயன்பட்ட கருவி, பிள்ளையின் விளையாட்டுக்கு மட்டும் ஆகாதென்பது என்ன நீதி? நானிலத்துக்கும் பாலைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணிய தொல்காப்பியர்க்கு இவ்விழிவு தெரிந்திலது.

அண்டையிலேயே ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. சப்பிரகமுவ ஆடல் மரபின் முழவு தவுல். சிங்கள மரபிலும் பறைகொட்டுவோர் முற்காலத்தில் தாழ்வாகவே எண்ணப்பட்டனர். ஆயின் அவ்வாடல் அழகியற் பாடத்துள் இடம்பெற்றபின், எக்குலத்துப் பிள்ளையும் அதன் தாளத்துக்கு ஆடக் கற்கின்றது. தோட்டப் பாடசாலைகள் 1970களின் நடுவிலிருந்து படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. அழகியற் பாடம் அங்கும் உண்டு. தப்புக்கு உரிய இடமே இல்லை. தன் வீட்டு ஓசைக்கு வகுப்பறையில் மதிப்பில்லை என அறியும் பிள்ளை, தன் வீட்டுக்கும் மதிப்பில்லை என்றே முடிவுசெய்யும். இசைப்பாடத்தில் இழக்கப்படுவது இசை மட்டுமன்று.

பிள்ளை வழிச்செல்லும் பயிற்சி எவ்வாறு நிகழும்? ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் அதன் பெயரைத் தாளமாகத் தட்டச் சொல்லலாம்; ஏனையோர் அதனைத் திருப்பித் தட்டுவர். மழை தகரக் கூரையில் விழும் ஓசையை ஒரு குழு எழுப்ப, மற்றொரு குழு அதற்கு வரி கட்டும். விடியலில் தாய் நீங்கிய துயரைச் சொல்லால் கூற நாணும் பிள்ளை, மெல்லிய அடியாலோ வன்மையான அடியாலோ அதனை வெளியிடக்கூடும். அவ்வேளை ஆசிரியர் திருத்தாது கேட்டல் வேண்டும். கேட்டதை நினைவிற் கொண்டு மறுநாள் அப்பிள்ளைக்கே மீட்டுக் கொடுத்தல் வேண்டும். இது சோம்பி அமர்ந்திருப்போர்க்கு இயலும் தொழிலன்று. சரளி வரிசை கற்பிப்பவரினும் கூரிய செவி இதற்கு வேண்டும்.

இதனால் ஒழுங்கு கெடும், மரபு தேயும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. விளையாட்டிலேயே நின்றுவிட்ட பயிற்சி விரைவில் வெற்றொலியாகும். பிள்ளை வளர வளர அதன் கைக்கும் குரலுக்கும் நுட்பம் வேண்டும். ஆதலின் சரளி வரிசையை நீக்குதல் கருத்தன்று; அதற்குமுன் ஒரு பருவத்தை மீட்டமைத்தலே கருத்து. தானே தட்டிய தாளத்தில் இன்பம் கண்ட பிள்ளை ஆதிதாளத்தை அயலானாகக் காணாது. தானே புனைந்த ஐந்து சுர வரியை மோகனம் என ஒருநாள் ஆசிரியர் பெயரிட்டுக் காட்டும்போது, மரபு தன்னுடையது என அது உணரும்.

சப்பாணி கொட்டியபின்னரே சிறுபறைப் பருவத்தைப் புலவர் வைத்தனர். கேகாலைத் தோட்டத்துப் பிள்ளையின் கையில் அப்பறை ஏற்கெனவே உள்ளது. பள்ளி செய்யவேண்டுவது அதனைப் பறியாதிருத்தலும், முழக்குமாறு வேண்டி நிற்றலுமே.