பண்ணும் பண்பும்: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை முன்னிட்டு ஒரு சிந்தனை

1. வினா

இசைப்புலவர் ஒருவரின் கொள்கை நமக்கு உடன்பாடற்றதாயிருக்க, அவருடைய இசையில் நாம் தோய்ந்து மகிழ்தல் தகுமா? கலை ஆராய்ச்சியாளர் இதனைப் பெரும்பாலும் சுவைஞரின் தனியுரிமை பற்றிய வினாவாகவே கொள்வர். திருச்சபையிலோ இது மேலும் கடினமான வடிவம் பெறுகிறது. அரங்கில் அமர்ந்து கேட்பவர் விரும்பினால் எழுந்து போகலாம். ஆலயத்திலோ எல்லாரும் பாடுகிறவர்களே. ஒருவர் யாத்த சொல்லைச் சபை முழுவதும் தன் சொல்லாக ஏற்று இறைவன் திருமுன் வைக்கிறது. எனவே, கொள்கை அவருடையது, பாட்டு நம்முடையது என்று கூறி நாம் எளிதில் அமைதிகொள்ள இயலாது.

இவ்வினாவை ஆராய அயல்நாட்டுச் சான்றைத் தேடி முதலில் அலைய வேண்டுவதில்லை. நம் சபைகள் நன்கறிந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) வாழ்விலேயே இது முழுவடிவில் எழுகிறது.

2. 1829: ஒரே குரலில் இரு வழக்குகள்

திருநெல்வேலியிற் பிறந்து, இளமையிலேயே சுவார்ட்சு ஐயரின் அரவணைப்பில் தஞ்சை வந்து சேர்ந்தவர் சாஸ்திரியார். இரண்டாம் சரபோஜி மன்னரும் சுவார்ட்சு ஐயரிடம் பயின்றவரே. தஞ்சையின் இசைவளம் சாஸ்திரியாருடைய நாவில் நற்செய்தியின் மொழியாயிற்று. ஜெர்மானிய இராகங்களுக்குள் தமிழ்ச் சொற்களை அடைத்தபோது குறில் நெடிலாகவும் நெடில் குறிலாகவும் சிதைவுற்றது. அத்தகைய பாடல்களே வழிபாட்டில் பெருவழக்காயிருந்த காலம் அது. அவரோ பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பையும், குறவஞ்சி, கும்மி முதலிய வடிவங்களையும் எடுத்தாண்டார். எதுகையும் மோனையும் தாளத்தோடு இயைந்து நடக்க, சரணந்தோறும் பல்லவி மீண்டுவந்து, ஏடறியாதவரையும் பாட்டுக்குள் அழைக்கிறது. தமிழ்ச் சபை தன் சொந்தக் குரலில் இறைவனைப் பாடியதற்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

எனினும் அதே சாஸ்திரியார், 1829ஆம் ஆண்டில் தஞ்சையிற் புதிதாகப் பொறுப்பேற்ற மிஷனரிமாரோடு மாறுபட்டு வழக்காடினார். அவர் முன்வைத்த முறையீடுகளைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துவதை அவர் எதிர்த்தார். ஆலயத்திலே தமிழ்க் கீர்த்தனை பாடுவதைத் தடுப்பது கொடுமை என்றார். திருமணத்திற் பூச்சூடும் வழக்கத்தை நீக்குவதையும் கண்டித்தார். அவற்றோடு சேர்த்து, வேளாளக் கிறிஸ்தவரும் தாழ்த்தப்பட்ட மக்களும் வேற்றுமையின்றித் திருவிருந்திற் கலக்க வேண்டும் என்று வற்புறுத்துவதையும் கொடுமைகளுள் ஒன்றாகவே எண்ணினார். சாதி உலக ஒழுங்கு, சமயத்தின் உள்ளீடன்று, முன்னிருந்த மிஷனரிமார் பொறுத்துக்கொண்டதைப் பின்வந்தோர் வலிந்து அகற்றுதல் தகாது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இங்கேதான் சிக்கல் முதிர்கிறது. தமிழிசைக்காகப் பரிந்த குரலும் சாதிக்காகப் பரிந்த குரலும் ஒரே குரல், ஒரே ஆண்டு, ஒரே வழக்கு. இசை ஒருபுறம், கருத்து மறுபுறம் என நாம் பிரிக்க முனைவனவற்றை, அவர் பண்பாடு என்னும் ஒரே முடிச்சில் இட்டுக் காத்தார்.

3. வழக்கமான மூன்று விடைகள்

முதல் விடை வள்ளுவர் நெறியிலிருந்து வருவது. சொல்பவர் யாராயினும் சொல்லின் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்பது குறளின் போதனை. இது கருத்துரைக்குப் பொருந்தும். ஆனால் இசை, நாம் ஆராய்ந்து முடிக்கும்வரை வாயிலிற் காத்து நிற்பதில்லை. அறிவு எழுமுன்னே உள்ளத்தில் நுழைந்துவிடுகிறது. எனவே இந்நெறி மட்டும் போதாது.

இரண்டாவது விடை இறையியலாருக்கு விருப்பமானது. தொனாத்தியருக்கு எதிராக அகுஸ்தீன் நிலைநாட்டியதும், ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 8ஆம் பிரிவும் ஆங்கிலத் திருச்சபையின் 26ஆம் பிரமாணமும் உறுதிசெய்வதுமான கோட்பாடு இது: ஊழியரின் தகுதியின்மை அருட்சாதனத்தின் பயனைக் கெடுப்பதில்லை. அவ்வாறே புலவரின் குறை பாடலைக் கெடுப்பதில்லை என்பர். இவ்வொப்புமை அழகியதாயினும் நிலைபெறாது. அருட்சாதனத்தின் உறுதி கிறிஸ்துவின் வாக்குறுதியைச் சார்ந்தது. எந்தக் கீர்த்தனைக்கும் அத்தகைய வாக்குறுதி அளிக்கப்படவில்லை. பாட்டு மனிதனின் காணிக்கை. காணிக்கை சோதனைக்கு உட்பட்டதே. அநீதி மலிந்த இடத்தில் எழும் பாடலின் ஓசையை இறைவன் வெறுத்ததை ஆமோஸ் உரைக்கிறார்.

மூன்றாவது விடை முழுவிலக்கு. இது நேர்மையானதாய்த் தோன்றும். ஆயினும் இவ்வளவுகோலை ஒழுங்காகக் கையாண்டால் பாமாலை ஏடுகள் எல்லாம் வெறுந்தாளாகிவிடும். 1543இல் யூதருடைய தொழுகைக்கூடங்களைக் கொளுத்துமாறு எழுதிய லூத்தரின் பாமாலைகளை நாம் என்செய்வோம்? 46ஆம் சங்கீதத்தைத் தழுவி அவர் யாத்த புகழ்மிக்க பாடலே இஸ்ரவேலின் பாட்டிலிருந்து பிறந்ததன்றோ? சாஸ்திரியாரைத் தள்ளுகிறவர் லூத்தரை மட்டும் ஓசையின்றி ஏற்றுக்கொண்டால், அது நீதியாகாது.

4. ஆசிரியரைக் கடந்து செல்லும் நூல்

இம்மூன்று விடைகளும் ஆசிரியரையே நோக்கி நிற்கின்றன, நூலை நோக்குவதில்லை. திறனாய்வின் முதற்கடமை நூலைப் படித்தலே. பெத்லகேம் குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். குறவஞ்சி இலக்கியத்தில் உயர்குலத் தலைவி தலைவன்மீது காதலுற்று வாடுவாள். மலைநாட்டுக் குறத்தி வந்து அவள் கைபார்த்துக் குறிசொல்வாள். சாஸ்திரியார் இம்மரபைக் கொண்டு, சீயோனின் மகளாகிய தேவமோகினி தன் ஆண்டவரை நாடும் காதலைப் பாடினார். அவளுக்கு நற்குறி கூறுபவளும் அக்குறத்தியே.

இதன் உட்பொருள் யாது? உயர்ந்தோள் மீட்பின் செய்தியைத் தாழ்ந்தோளிடமிருந்து பெறுகிறாள். அதுவும் கைதொட்டுப் பெறுகிறாள். திருவிருந்திற் கலத்தலைத் தடுத்த புலவரின் காப்பியத்திலே, குலவரம்பைக் கடந்து ஒரு கை மற்றொரு கையைப் பற்றுகிறது. ஆசிரியர் இதனைக் கருதிச் செய்தார் என்று நாம் வாதிடவில்லை. மரபின் அமைப்பே அவரை அவ்விடத்திற்கு இட்டுச் சென்றது எனலாம். எவ்வாறாயினும் நூலிலே நிகழ்ந்தது நிகழ்ந்ததே. அவருடைய கொள்கைக்கு எதிரான மிக வலிய சாட்சி அவருடைய பாட்டிலேயே இருக்கிறது. பாட்டைத் தள்ளினால் அச்சாட்சியையும் தள்ளியவர்களாவோம்.

5. பிரிக்கும் உரிமை யாருக்கு?

எனினும் ஒன்று எஞ்சுகிறது. கொள்கையையும் இசையையும் பிரித்து மகிழலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அக்கொள்கையால் காயமுறாதவர் அதனை மறத்தல் எளிது. இது பற்றி ஜெர்மானிய இசைப்புலவர் வாக்னரின் வழக்கு நமக்குத் தெளிவு தரும். 1850இல் அவர் புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையில், யூதர் உண்மையான இசையைப் படைக்க வல்லவரல்லர் என எழுதினார். 1869இல் தம் பெயரிலேயே அதனை மீண்டும் வெளியிட்டார். ஏழு வயதிலேயே திருமுழுக்குப் பெற்ற மெண்டல்சோனையும் அவர் விட்டுவைக்கவில்லை. திருமுழுக்குக்குப் பின்னும் பிறப்பையே அளவுகோலாகக் கொள்ளும் இம்மனநிலை தமிழ்ச் சபைக்கு அயலானதன்று.

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதரின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டபின், பலஸ்தீன இசைக்குழு தன் நிகழ்ச்சியிலிருந்து வாக்னரின் இசையை நீக்கிற்று. அக்குழுவே பின்னர் இஸ்ரேல் பில்ஹார்மோனிக் எனப் பெயர்பெற்றது. 1981இல் பம்பாயிற் பிறந்த சுபின் மேத்தா, டெல் அவீவ் நகரில் அக்குழுவைக் கொண்டு வாக்னரை இசைக்க முற்பட்டபோது, விரும்பாதவர் வெளியேறலாம் என அறிவித்தார். அரங்கப் பணியாளர் ஒருவர் மேடையேறித் தம் உடலின் தழும்புகளைக் காட்டினார். 2001இல் எருசலேமில் டேனியல் பாரன்பாய்ம், நிகழ்ச்சி முடிந்தபின் அவையோரைக் கேட்டு, நெடிய வாக்குவாதத்திற்குப் பின்னரே இசைத்தார். சிலர் சினந்து வெளியேறினர். பெரும்பாலோர் இருந்து கேட்டனர். இசை சிறந்ததா என்பது பற்றி அங்கே விவாதம் எழவில்லை. தழும்புள்ளவரின் சொல் முதலிற் கேட்கப்பட்டதா என்பதே வழக்காயிற்று.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நடந்ததுண்டு. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளிற் சாதி வேற்றுமையை உடனடியாக அகற்றக் கட்டளையிட்டார். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என உறுதிபூண்டது. வியப்பு யாதெனில், அதே மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயரே சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் திரட்டி 1853இல் கீர்த்தனை நூலாக அச்சேற்றினார். கொள்கையை மறுத்தோர் பாட்டை ஏற்றனர். ஆயின் அவர்கள் முதலில் பந்தியைச் சரிசெய்தனர். பின்னரே பாட்டை எல்லார் நாவிலும் வைத்தனர். இவ்வரிசைமுறை நம் கவனத்திற்குரியது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இசை பயிற்றிய தியாபிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005) இன்னும் ஆழமான வினாவை எழுப்பினார். புலவரின் கொள்கை மட்டுமன்று, கர்நாடக இசை வடிவமே மேட்டிமையைச் சுமந்துவருகிறது என்பது அவர் துணிபு. ஒடுக்கப்பட்ட மக்களின் நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே அமைத்துக் காட்டினார். ஒரே உலையில் ஆக்கி எல்லாரும் உண்ணுதலை அவர் தம் இறையியலின் மையமாக்கியதும் தற்செயலன்று. அவருடைய துணிபு முழுவதையும் ஏற்பது கடினம். மீண்டுவரும் பல்லவி எளியோரையும் பாடச் செய்துள்ளது. எனினும் சாஸ்திரியாரின் கீர்த்தனை மட்டுமே தமிழ்ச் சபையின் குரல் என்று கூறும் உரிமையை அவர் தகர்த்துவிட்டார். அது நன்று.

6. ஆயர்களுக்கு ஒரு சொல்

ஆகவே நாம் கொள்ளத்தக்க நிலை இதுவாகும். சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தொடர்ந்து பாடுவோம். பாடலின் சுவையை மறைக்கவும் வேண்டா, அவர் வழக்கை மறைக்கவும் வேண்டா. அவருடைய நினைவு நாட்களில் 1829ஆம் ஆண்டையும் சபையாருக்கு எடுத்துரைப்போம். அப்பாடலைப் பாட மனமொவ்வாது மௌனமாய் நிற்கும் சகோதரரை விசுவாசக் குறைவுடையவர் என எண்ணாதிருப்போம். கீர்த்தனையின் பக்கத்திலேயே பறையும் நாட்டுப்பாடலும் நிற்க இடமளிப்போம்.

இசையையும் இசைத்தவரையும் பிரிப்பது மனத்தினுள் மட்டும் நிகழும் செயலாயின் அது ஏமாற்றே. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் ஊர்கள் இன்னும் உள்ளன. அங்கே சாஸ்திரியாரின் கீர்த்தனையைப் பாடுவோர் அவருடைய இசையையும் பாடுகின்றனர். அவருடைய வழக்கையும் தொடர்ந்து நடத்துகின்றனர். ஒரே அப்பத்தையும் ஒரே பாத்திரத்தையும் வேற்றுமையின்றிப் பகிரும் சபையிலோ, அவர் எழுதிய வழக்கு தோற்கிறது. அவர் பாடிய பாட்டு பிழைக்கிறது.