ஒற்றை விரல் வித்வான்

பாஸ் கிதார் வாசிப்பவர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் ரசிகர்களுக்குள் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். விரல் வேகம்தான் வித்தை என்பது ஒரு கட்சி. தாளம் பிசகாமல் வாசித்துவிட்டு அடக்கமாக இருப்பதே பாஸ்காரருக்கு அழகு என்பது மற்றொரு கட்சி. எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை.

அந்த வாத்தியத்துக்கு வழக்கமாக நான்கே தந்திகள். சாதாரண கிதாருக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசும். தம்பூராவைப் போல ஒரே சுருதியில் நிற்பதில்லை. பாட்டோடு கூடவே நடக்கிறது. தாளத்துக்கும் மெட்டுக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைக்கிறது. கேட்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அது நின்று போனால்தான் பாட்டில் ஏதோ குறைகிறதே என்று திகைப்பார்கள்.

ஜேம்ஸ் ஜேமர்ஸன் 1936-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்தவர். 1954-ல் டெட்ராய்ட் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே மோட்டௌன் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு வாசித்தார். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டுவார். வேகக் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1964-ல் வெளிவந்த 'மை கேர்ள்' பாட்டைக் கேளுங்கள். முதலில் பாஸ் மட்டும் நெஞ்சுத் துடிப்பைப் போல ஒலிக்கிறது. அதை வாசிக்கப் பெரிய பயிற்சி வேண்டியதில்லை. பிறகு 1968-ல் ஸ்டீவி வொண்டர் பாடிய 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' பாட்டைக் கேளுங்கள். அதே ஒற்றை விரல் இங்கே ஓடுகிறது, தாவுகிறது, திரும்புகிறது. ஆனாலும் பாடகரின் குரலுக்கு எங்கும் இடைஞ்சலில்லை. அதற்கு உற்சாகம்தான் கூடுகிறது. அடக்கக் கட்சிக்காரர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

முதல் பாட்டில் பேசுகிறவன் மனம் நிறைந்து அமைதியாக இருக்கிறான். இரண்டாவதில் சந்தோஷம் தாங்காமல் துள்ளுகிறான். ஜேமர்ஸன் பாட்டைக் கேட்டுவிட்டு வாசித்தார்; அவ்வளவுதான் ரகசியம்.

நாவல் எழுதுகிறவனுக்கு இது நன்றாகப் புரியும். கதாநாயகியைப் பேச வைப்பது சுலபம். சமையற்கட்டில் நடமாடும் அத்தை எந்த அத்தியாயத்தில் வாய் திறக்க வேண்டும், எதில் மௌனமாக இருக்க வேண்டும் என்பதில்தான் கதை நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

"அப்படியானால் ஜேக்கோ பாஸ்டோரியஸ்?" என்று நீங்கள் கேட்கலாம். பாஸ் கிதாரை மேடையின் முன்வரிசைக்குக் கொண்டுவந்த மகாவேகக்காரர் அவர். ஆனால் 1976-ல் வந்த ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா'வில், அந்தப் பெண் குரலோடு அவர் நிதானமாகப் பேசிக்கொண்டு போகிறார். அவருடைய பெருமையை நான் அங்கேதான் காண்கிறேன்.

மோட்டௌன் இசைத்தட்டுகளின் உறையில் வெகுகாலம் வாத்தியக்காரர்களின் பெயர் இருந்ததில்லை. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான், 'ஒப்பற்ற' என்ற அடைமொழியோடு ஜேமர்ஸனின் பெயர் அச்சாயிற்று. 1983-ல், நாற்பத்தேழாவது வயதில், அவர் காலமானார். 'ராக் அண்ட் ரோல்' கீர்த்தி மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2000-ல்.

அந்தப் பாட்டுகளுக்குத் தாளம் போட்ட லட்சக்கணக்கானவர்கள் அவர் பெயரை அறியாமலே அவரை ரசித்திருக்கிறார்கள். அந்த ரசனையில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயரை அச்சிடாதவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.