அடிக்கிற கை

டெல்லியைச் சேர்ந்த ‘பிளட்டிவுட்’ மெட்டல் இசைக்குழுவின் ‘ரக்‌ஷக்’ ஆல்பத்தை எனக்கு அறிமுகம் செய்தவன் என் தம்பி. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு நைட் ஷிஃப்ட் போகும்போது கம்பெனி பஸ்ஸில் கேட்பானாம். ‘தனா தன்’ பாட்டைப் போட்டுக் காட்டி, “அக்கா, உன்மேல எவனாவது கை வெச்சா இதான்” என்றான்.

2022 பிப்ரவரியில் வந்த ஆல்பம். பத்துப் பாடல்கள். டோலும் புல்லாங்குழலும் எலெக்ட்ரிக் கிடாரோடு மோதுகின்றன. இந்தியும் பஞ்சாபியும் ஆங்கிலமும் உறுமலும் ராப்புமாக வருகின்றன. பிரித்தாளும் அரசியல், சக மாணவர்களின் சீண்டல், மன அழுத்தம் எல்லாம் பாடுபொருள். பாலியல் வன்முறை செய்கிறவர்கள் மீதான கோபமே ‘தனா தன்’. முதல் தடவை கேட்டபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

ஆனால், யாரை அடிப்பது? பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருடாவருடம் சொல்கின்றன. பதினாறு வயதில் என்னைத் தொட்டவரும் எங்கள் வீட்டில் கை நனைக்கிற உறவினர்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம், ஒருவன் பின்னால் வருகிறான் என்று சொன்னதற்கு என் டியூஷனை நிறுத்தியிருந்தார்கள். பாதுகாப்பாம். அந்தப் பாதுகாப்புக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டேன்.

ரக்‌ஷக் என்றால் ரட்சகன். குழுவின் முகங்களான மூவரும் ஆண்கள். அவர்களுடைய கோபம் நேர்மையானதுதான். ஆனால் இந்தப் பாட்டைக் கேட்கிற ஆண் தன்னைக் காவல்காரனாகவே நினைத்துக்கொள்கிறான். குற்றவாளி எப்போதும் வேறு எவனோ. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கை புதிதல்ல.

எனக்கு இந்த ஆல்பத்தில் பெரிய பாட்டு ‘ஜீ வீரே’. மன அழுத்தத்தில் மூழ்குகிறவனை, வாழ்ந்துவிடு சகோதரா என்று இழுத்துப் பிடிக்கிறது. கட்டணமில்லா மனநல ஆலோசனைக்கும் இந்தப் பாட்டையொட்டிக் குழுவினர் ஏற்பாடு செய்தார்கள். ஆண் உடைந்து அழலாம், உதவி கேட்கலாம் என்று உச்சக் குரலில் ஆண்களே ஆண்களுக்குச் சொல்வது, பத்து முஷ்டிகளைவிட நமக்கு உபயோகம்.

அந்த உறவினரைப் பற்றித் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்கிற அன்று அவன் கையை ஓங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்க வேண்டும்.