தண்ணீர் போன பிறகு

புற ஊதா ஒளி பட்டு இறுகும் வழக்கமான யூவி மையில் அச்சான அட்டையைத் தடவினால் எழுத்து விரலில் தட்டும். தெளித்த மை அத்தனையும் கெட்டியாகி மேலேயே உட்கார்ந்துகொள்ளும், பளபளப்பு வேறு. நீர் கலந்த யூவி மைக்கு அந்த மிதப்பு கிடையாது. இன்க்ஜெட் முனையிலிருந்து பிகோலிட்டர் கணக்கில் தெறிக்கும் துளியில் பெரும்பகுதி தண்ணீர்தான். முதலில் சூடான காற்று அதை விரட்டியாக வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு யூவி விளக்கைக் காட்டினால் படலம் சரியாகப் பிடிக்காது. நன்றாகக் காய்ந்தபின் 395 நானோமீட்டர் எல்.இ.டி. ஒளி பட்டதும் மிஞ்சிய பிசின் கண்ணிமைக்கும் நேரத்தில் வலைபோல் பின்னி இறுகுகிறது. நகத்தால் சுரண்டினாலும் லேசில் உரியாது. படலம் மெலிசு என்பதால் காகிதத்தின் சொரசொரப்பு அப்படியே கைக்குக் கிடைக்கிறது. எனக்குப் பிடித்ததே அதுதான். உலர்த்தக் கரண்ட் செலவு கூடத்தான். தண்ணீரை ஓட்டுவதென்றால் சும்மாவா?